தீடா பாரா: புகைப்படங்கள் இருக்கின்றன, படங்கள் எங்கே போயின?

1917-இல் வெளியான 'கிளியோபாட்ரா' மௌனப்படம் கிடைத்துவிட்டது என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இணையத்தில் சுற்றுகிறது. 2023-இல் வந்த செய்தியில் உண்மை இருந்தது. ஆனால் கிடைத்தது முழுப்படம் அல்ல, ஏறக்குறைய 40 நொடி ஓடும் ஒரு துண்டு. முழுப்படத்தின் நீளம் சுமார் 125 நிமிடம். ஆக, கையில் இருப்பது நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை, அதில் பாதிதான்.

அந்தப் படத்தின் நாயகி தீடா பாரா. சாப்ளினுக்கும் மேரி பிக்ஃபோர்டுக்கும் அடுத்த நிலையில் அமெரிக்கா கொண்டாடிய நட்சத்திரம். சுமார் 40 படங்களில் நடித்தவர். அவற்றில் இன்று முழுமையாகப் பார்க்கக் கிடைப்பவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். ஆனால் அவருடைய புகைப்படங்கள் எங்கும் கிடைக்கின்றன: கண்ணைச் சுற்றி அப்பிய மை, பாம்பு வடிவ மார்க்கச்சை, காலடியில் எலும்புக்கூடு. படங்கள் அழிந்து புகைப்படங்கள் மட்டும் ஏன் தங்கின என்று தெரிந்துகொண்டால்தான் அவரைப் பற்றி வரும் செய்திகளில் எதை நம்பலாம் என்பது விளங்கும்.

விளம்பரத் துறை எழுதிய வாழ்க்கை

அவருடைய இயற்பெயர் தியோடோசியா பர் குட்மன். பிறந்தது 1885 ஜூலை 29, ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில். தந்தை போலந்திலிருந்து குடியேறிய யூதத் தையற்காரர், தாய் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். உள்ளூரில் பள்ளிப் படிப்பை முடித்துச் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் படித்தார். பிறகு நியூயார்க் சென்று நாடக மேடைகளில் சிறு வேடங்கள். 1914-இல் 'தி ஸ்டெயின்' படத்தில் கூட்டத்தில் ஒருத்தியாகத் தோன்றினார். நாயகி வாய்ப்பு வந்தபோது வயது 29.

1915-இல் அவரை நாயகியாக்கிய ஃபாக்ஸ் படநிறுவனத்தின் விளம்பரக்காரர்கள் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு முற்றிலும் வேறு. அதில் அவர் சஹாரா பாலைவனத்தில், பிரமிடுகளின் நிழலில் பிறந்தவர், மாந்திரீகம் அறிந்தவர். 'தீடா பாரா' என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றினால் 'அரேபிய மரணம்' என்று வருவதையும் பத்திரிகைகளுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். உண்மையில் 'தீடா' என்பது தியோடோசியாவின் சுருக்கம். 'பாரா' தாய்வழிக் குடும்பத்தில் இருந்த 'பாரஞ்சர்' என்ற பெயரிலிருந்து எடுத்தது.

இந்தக் கட்டுக்கதைக்குத் தொழில் சார்ந்த காரணம் உண்டு. வில்லியம் ஃபாக்ஸ் அப்போதுதான் படம் திரையிடுபவர், விநியோகிப்பவர் என்ற நிலையிலிருந்து தயாரிப்பாளராக மாறிக்கொண்டிருந்தார். பெரிய நட்சத்திரங்களுக்குக் கொடுக்க அவரிடம் பணமில்லை. பெயர் தெரியாத ஒரு நடிகையைக் குறைந்த சம்பளத்தில் அமர்த்தி, விளம்பரத்தால் நட்சத்திரமாக்குவதே அவர் கண்ட வழி. முதல் படம் 'ஏ ஃபூல் தேர் வாஸ்' 1915 ஜனவரியில் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது. அந்த வெற்றியின் மேல்தான் ஃபாக்ஸ் ஃபிலிம் கார்ப்பரேஷன் எழுந்தது.

அந்தப் படத்தில் அவர் ஏற்றது 'வாம்ப்' பாத்திரம்: ஆண்களை மயக்கி, பணத்தையும் மானத்தையும் உறிஞ்சிவிட்டுக் கைவிடும் பெண். ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங் எழுதிய ஒரு கவிதையும் அதிலிருந்து பிறந்த மேடை நாடகமும் கதைக்கு மூலம். பிற்காலத்தில் உலக சினிமா முழுவதும் பரவிய கவர்ச்சி வில்லி பாத்திரத்துக்கு அமெரிக்கத் திரையில் உறுதியான வடிவம் கொடுத்தவர் இவர்.

1915 முதல் 1919 வரை

சுமார் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ நாற்பது படங்கள் என்பது இன்றைய கணக்கில் நம்ப முடியாத வேகம். தொடக்கத்தில் படப்பிடிப்பு நியூ ஜெர்சியின் ஃபோர்ட் லீ பகுதியில் நடந்தது. ஹாலிவுட்டுக்கு முன் அமெரிக்கப் படத்தொழிலின் மையம் அதுதான். 1917-இல் 'கிளியோபாட்ரா'வுக்காகக் கலிஃபோர்னியா சென்றார். ஜே. கார்டன் எட்வர்ட்ஸ் மட்டும் அவரை வைத்து 20-க்கும் மேற்பட்ட படங்களை இயக்கினார். உச்சத்தில் பாராவின் சம்பளம் வாரத்துக்கு 4,000 டாலர்.

படங்களின் பட்டியலைப் பார்த்தால் விளம்பரம் சொல்லாத ஒன்று தெரிகிறது. 'கார்மென்', 'கமீல்', 'மேடம் து பாரி', 'சலோமி' ஆகியவற்றோடு, கைவிடப்பட்ட சகோதரிகளின் கதையான 'தி டூ ஆர்ஃபன்ஸ்', 1916-இல் 'ரோமியோ அண்ட் ஜூலியட்', 1919-இல் அயர்லாந்துக் கிராமப் பெண்ணாக 'கேத்லீன் மவோர்னீன்' ஆகியவையும் இருக்கின்றன. வாம்ப் வேடத்திலிருந்து வெளியேற அவர் தொடர்ந்து முயன்றார். அந்த வேடத்துக்கு வசூல் இருந்தவரை நிறுவனம் அவரைத் திரும்பத் திரும்ப அதற்கே இழுத்தது.

அந்தக் கறுத்த கண்களுக்கும் உதடுகளுக்கும் ஃபிலிமின் தன்மையும் ஒரு காரணம். அன்று பயன்பட்டது ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம். அது நீல ஒளியையும் பச்சை ஒளியையும் பதியும், சிவப்பைப் பதியாது. எனவே உதட்டுச் சிவப்பு திரையில் கறுப்பாகத் தெரியும். தோலின் இயல்பான செம்மை அழுக்குத் திட்டுகளாக விழும். அதை மறைக்க நடிகர்கள் முகத்தில் வெளிறிய மாவைத் தடித்துப் பூசினார்கள். அந்த வெளிறலில் கண் தனித்துத் தெரிய வேண்டுமானால் மையை அப்பியே ஆக வேண்டும். நேரில் பார்த்த முகம் அப்படி இருந்திருக்காது.

ஒரு படம் எப்படி இல்லாமல் போகிறது

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை அங்கே எடுக்கப்பட்ட முழுநீள மௌனப்படங்கள் 10,919. முதலில் வெளியான அதே வடிவில் முழுமையாக எஞ்சியவை 14 சதவீதம். வெளிநாட்டுப் பிரதியாகவோ அகலம் குறைந்த ஃபிலிமிலோ முழுமையாக இருப்பவை 11 சதவீதம், குறைபட்டு இருப்பவை 5 சதவீதம். மீதி 70 சதவீதம் தொலைந்துவிட்டது.

இந்த இழப்பு ஒரே நாளில் நடப்பதில்லை. படிப்படியாக நடக்கிறது:

1. ஒரு படத்துக்கு எடுக்கப்பட்ட பிரிண்டுகள், அதாவது திரையிடும் பிரதிகள், அளவானவை. அவை விநியோக அலுவலகங்கள் வழியாக ஊர் ஊராக ஓடின. ஓட ஓட, புரொஜக்டரின் பற்கள் மாட்டும் ஓரத் துளைகள் கிழிந்தன, தொடக்கமும் முடிவும் வெட்டுப்பட்டன.
2. ஓட்டம் முடிந்ததும் பிரிண்டுகளைத் திருப்பி வாங்கி அழிப்பது வழக்கம். திருட்டுத்தனமாகத் திரையிடுவதைத் தடுப்பது ஒரு நோக்கம். ஃபிலிமின் மேல் பூசிய வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்பது இன்னொரு நோக்கம்.
3. இதனால் நிறுவனத்திடம் எஞ்சுவது மூல நெகடிவும் (பிரிண்டுகளை எடுக்க உதவும் சுருள்) ஓரிரு பிரிண்டுகளும் மட்டும்.
4. 1927-க்குப் பின் பேசும்படம் வந்ததும் அந்த நெகடிவுக்கும் வணிக மதிப்பு போயிற்று. தொலைக்காட்சியோ வீடியோவோ வரப்போவது அன்று யாருக்கும் தெரியாது. கிடங்கு வாடகை மட்டும் மாதந்தோறும் ஏறிக்கொண்டிருந்தது.

பாராவின் படங்களுக்கு இன்னொரு வாசலும் மூடியிருந்தது. 1912 வரை பதிப்புரிமை பெற விரும்பியவர்கள் பலர், படத்தின் ஒவ்வொரு சட்டகத்தையும் (ஃபிலிமிலுள்ள தனித்தனிப் படம்) காகிதச் சுருளில் அச்சிட்டு நாடாளுமன்ற நூலகத்தில் ஒப்படைத்தார்கள். அந்தக் காகிதச் சுருள்களிலிருந்தே ஆயிரக்கணக்கான பழைய குறும்படங்கள் பின்னாளில் மீட்கப்பட்டன. 1912-இல் சட்டம் மாறியது. அதன் பிறகு கதைச் சுருக்கம் போன்ற எழுத்து ஆவணம் போதும், ஃபிலிம் உரிமையாளரிடமே திரும்பிவிடும். பாரா நடிக்க வந்தது அதற்குப் பின்.

நைட்ரேட் ஃபிலிம்: தன்னைத்தானே தின்னும் பொருள்

1950-களின் தொடக்கம் வரை 35 மி.மீ. படங்களுக்குப் பயன்பட்ட ஃபிலிமின் அடிப்பொருள் செல்லுலோஸ் நைட்ரேட். பருத்தி நாரை நைட்ரிக் அமிலத்தில் வினைப்படுத்திச் செய்வது. அதையே இன்னும் கூடுதல் நைட்ரஜன் ஏற்றிச் செய்தால் துப்பாக்கிப் பருத்தி என்னும் வெடிபொருள். ஃபிலிமாக்கும்போது நெகிழ்வுக்காகக் கற்பூரம் சேர்ப்பார்கள். ஒளி ஊடுருவும் தெளிவில் இதற்கு நிகரான பொருள் அன்று இல்லை, அதனால்தான் இவ்வளவு ஆபத்தையும் பொறுத்துக்கொண்டார்கள்.

ஆபத்து இரண்டு. முதலாவது, எரியத் தேவையான ஆக்சிஜன் அதன் மூலக்கூறிலேயே இருக்கிறது. காற்றை அடைத்தாலும், நீருக்குள் அமிழ்த்தினாலும் தீ அணையாது. எரியும்போது கிளம்பும் நைட்ரஜன் ஆக்சைடுகள் நுரையீரலைக் கொல்லும் நஞ்சு.

இரண்டாவது, அது தீ இல்லாமலே சிதையும். அறை வெப்பத்திலேயே மெல்ல நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிவிடும். காற்றின் ஈரத்தோடு அவை சேர்ந்து நைட்ரிக் அமிலமாகும். அந்த அமிலம் சிதைவை இன்னும் விரைவாக்கும். மூடிய டப்பாவில் வாயு வெளியேற வழியில்லாததால் வேகம் மேலும் கூடும். சிதைவை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள்:

1. படம் மங்கி ஃபிலிம் பழுப்பேறும், லேசான காரநெடி வரும்.
2. மேற்பூச்சு பிசுபிசுத்துச் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும்.
3. குமிழிகள் கிளம்பித் தேன் போன்ற திரவம் கசியும், நெடி கடுமையாகும்.
4. சுருள் முழுவதும் ஒரே கட்டியாக இறுகும்.
5. பழுப்புத் தூளாக உதிரும்.

முதல் இரண்டு நிலைகளில் முழுதாகவும், மூன்றாம் நிலையில் ஓரளவும் நகலெடுத்துக் காப்பாற்றலாம். அதற்குப் பின் எதுவும் மிஞ்சாது. புதிய நைட்ரேட் தானாகத் தீப்பற்ற 100 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பம் வேண்டும். மோசமாகச் சிதைந்த சுருளோ, பல நாள் தொடர்ந்து சூட்டில் கிடந்தால், 41 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும்.

1937 ஜூலை 9, லிட்டில் ஃபெரி

ஃபாக்ஸ் நிறுவனம் தன் பழைய நெகடிவ்களையும் பிரிண்டுகளையும் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெரி என்ற ஊரில் ஒரு வாடகைக் கிடங்கில் வைத்திருந்தது. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, உள்ளே 42 தனியறைகள். வெளியிலிருந்து வரும் தீயைத் தடுக்கும் கட்டடம் அது. உள்ளே பிறக்கும் தீக்கு அதில் ஏற்பாடில்லை. நீர்தெளிப்பான் இல்லை, காற்றோட்டம் போதவில்லை.

அந்த ஜூலையில் கடும் வெயில், பகல் வெப்பம் 38 டிகிரியைத் தொட்டது. சிதைந்துகொண்டிருந்த ஃபிலிமின் வாயு அறைகளில் சேர்ந்தது. அதிகாலை 2 மணிக்குச் சற்றுப் பின் ஒரு அறை தீப்பற்றி மற்ற அறைகளுக்குப் பரவியது. ஜன்னல்கள் வழியாக நெருப்பு நாக்குகள் பக்கவாட்டில் சுமார் 30 மீட்டர் நீண்டு அருகிலிருந்த வீடுகளைத் தொட்டன. தீக்காயத்தால் ஒரு சிறுவன் இறந்தான், அவன் தாயும் சகோதரனும் காயமடைந்தார்கள்.

அழிந்தவை 40,000-க்கும் மேற்பட்ட ரீல்கள். 1932-க்கு முந்தைய ஃபாக்ஸ் படங்களின் நெகடிவ்களில் பெரும்பகுதி அன்றே போனது. பாராவின் படங்கள் ஏறத்தாழ முழுவதும் அங்கேதான் இருந்தன. எரிந்த சுருள்களை லாரிகளில் ஏற்றிச் சென்று வெள்ளியைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு டப்பாவுக்குத் தேறியது சுமார் 5 சென்ட். 'கிளியோபாட்ரா'வின் நெகடிவும் அந்தக் கணக்கில்தான் முடிந்தது என்பதை வருத்தமில்லாமல் எழுத முடியவில்லை.

தீ மட்டுமே குற்றவாளி அல்ல. நகல்கள் வேறிடத்தில் இருந்திருந்தால் ஒரு கிடங்கு எரிந்தது சேதமாக மட்டும் நின்றிருக்கும். மேரி பிக்ஃபோர்டும் சாப்ளினும் தங்கள் படங்களுக்குத் தாங்களே உரிமையாளர்களாக இருந்தார்கள். பிக்ஃபோர்ட் தன்னிடமிருந்த நைட்ரேட் சுருள்களை 1940-களில் நாடாளுமன்ற நூலகத்திடம் ஒப்படைத்தார். பாரா கடைசிவரை வாரச் சம்பளக்காரர். ஒரு நெகடிவ் கூட அவருக்குச் சொந்தமில்லை.

இன்று எஞ்சியவை

'ஏ ஃபூல் தேர் வாஸ்' (1915), 'ஈஸ்ட் லின்' (1916) ஆகிய இரண்டுமே ஃபாக்ஸில் அவர் நடித்து முழுநீளமாகத் தங்கியவை. ஃபாக்ஸுக்கு வெளியே, கூட்டத்தில் தோன்றிய 'தி ஸ்டெயின்' (1914), பிற்காலத்தின் 'தி அன்சேஸ்டன்ட் உமன்' (1925), ஹால் ரோச் தயாரித்த நகைச்சுவைக் குறும்படமான 'மேடம் மிஸ்டரி' (1926) ஆகியவை இருக்கின்றன. 'கிளியோபாட்ரா'வின் துண்டுகளோடு, 'சலோமி'யின் (1918) சுமார் 2 நிமிடக் காட்சிகள் ஸ்பெயினின் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன. அவருடைய குரலும் தப்பியிருக்கிறது: 1936 ஜூன் 8 அன்று ஒரு வானொலி நாடக நிகழ்ச்சியில் விருந்தினராகச் சில நிமிடம் பேசியிருக்கிறார்.

புகைப்படங்கள் தங்கியதற்குக் காரணம் எளிது. ஸ்டில்கள் எனப்படும் இந்தப் புகைப்படங்கள் படத்தின் சட்டகங்கள் அல்ல. தனிப் புகைப்படக்காரர், பெரிய தகட்டுக் கேமராவில், விளம்பரத்துக்கென்றே நிறுத்தி எடுத்தவை. அவை காகிதத்தில் ஏராளமாக அச்சாகிப் பத்திரிகைகளுக்கும் ரசிகர்களுக்கும் போயின. காகிதம் தானாகத் தீப்பற்றி வெடிப்பதில்லை. நாம் இன்று 'தீடா பாரா' என்று பார்ப்பது பெரும்பாலும் அந்த விளம்பரத் துறை தேர்ந்தெடுத்த நிலைகளை. நடிப்பை அல்ல.

இந்த இழப்பால் பரவிய மூன்று தவறான கருத்துகள்

1. "வாம்ப் வேடம் மட்டுமே நடித்தவர்." தப்பிய இரண்டு ஃபாக்ஸ் படங்களே இதை மறுக்கின்றன. 'ஈஸ்ட் லின்' கதையில் அவர் ஏமாற்றப்பட்டு வீட்டை விட்டுப் போன தாய். தன் பிள்ளைகளுக்கே வேற்றாள் போலச் செவிலியாகத் திரும்புகிறார்.

2. "பேசும்படம் வந்ததால் வாய்ப்பிழந்தார்." காலம் பொருந்தவில்லை. ஃபாக்ஸுடனான ஒப்பந்தம் 1919-இல் முடிந்தது, முதல் பெரும் பேசும்பட வெற்றி 1927-இல் வந்தது. ஒரே வகை வேடம் அலுத்ததும், முதல் உலகப் போருக்குப் பின் ரசனை மாறியதும்தான் காரணம். 1920-இல் பிராட்வேயில் 'தி ப்ளூ ஃபிளேம்' நாடகத்தில் நடித்தார், விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். 1921-இல் இயக்குநர் சார்லஸ் பிராபினை மணந்தார். 1926-க்குப் பின் திரையில் இல்லை. 1955 ஏப்ரல் 7 அன்று வயிற்றுப் புற்றுநோயால் லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார்.

3. "மிகை நடிப்பு நடிகை." இதைச் சொல்லப் போதுமான சான்று யாரிடமும் இல்லை. முதல் நாயகி வேடத்தையும் விளம்பரப் புகைப்படங்களையும் வைத்து நாற்பது படங்களுக்குத் தீர்ப்பு எழுதுவது நியாயமாகாது. இருபதுக்கும் மேற்பட்ட படங்களில் எட்வர்ட்ஸ் அவரை எப்படி வளர்த்தெடுத்தார் என்பதுதான் முக்கியமான கேள்வி, அதற்கான விடைதான் எரிந்துபோனது.

'தொலைந்த படம் கிடைத்தது' என்ற செய்தி வந்தால்

முதலில் நீளத்தைப் பாருங்கள். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 சட்டகங்கள். முழு ரீல் 1,000 அடி, மௌனப்பட வேகத்தில் 13 முதல் 16 நிமிடம் வரை ஓடும். செய்தியில் ரீல் கணக்கு இல்லாமல் 'காட்சிகள்' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது துண்டுதான். 2023-இல் கிடைத்த 'கிளியோபாட்ரா' துண்டு, குழந்தைகளின் பொம்மை புரொஜக்டருக்காக வெட்டி விற்ற வகை. ஓடித் தேய்ந்த பிரிண்டுகளைச் சில அடி நீளத்துக்கு வெட்டி, அந்தப் பொம்மைகளோடு விற்கும் வழக்கம் அன்று இருந்தது. அப்படி வீடுகளுக்குப் போனவை ஃபாக்ஸ் கிடங்குக்குத் திரும்பவில்லை, அதனாலேயே தப்பின.

அடுத்து, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெயருள்ள ஆவணக் காப்பகம் அடையாளம் காட்டியதா? ஃபிலிமின் ஓரத்தில் உற்பத்தியாளர் அச்சிட்ட குறிகள் சோதிக்கப்பட்டனவா? கோடக் 1916 முதல் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகளால் ஆண்டைக் குறித்தது. அதே குறி 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்புவதால் குறி மட்டும் போதாது, ஸ்டில்களோடு உடையையும் அரங்கையும் ஒப்பிட வேண்டும். ஸ்டில்களைக் கணினியில் அசையவிட்டு 'மீட்கப்பட்ட படம்' என்று பரப்பும் வீடியோக்கள் இந்தச் சோதனையில் முதல் படியிலேயே விழுந்துவிடும்.

பழைய 35 மி.மீ. சுருள் உண்மையிலேயே கையில் கிடைத்தால், 1952-க்கு முந்தையது என்ற ஐயமிருந்தால் நைட்ரேட் என்றே கொள்ளுங்கள். புரொஜக்டரில் ஏற்றக் கூடாது. வெயிலிலோ காற்றுப் புகாத பையிலோ வைக்கக் கூடாது. ஒட்டிய சுற்றுகளைப் பிரிக்கக் கூடாது. வினிகர் வாடை வந்தால் அது அசிட்டேட் என்னும் வேறு அடிப்பொருளாலான ஃபிலிம், கூர்மையான அமில நெடி வந்தால் நைட்ரேட். குளிர்ந்த, ஈரமற்ற, மக்கள் புழங்காத இடத்தில் வைத்துவிட்டு ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் சொல்வதே சரி. வர்ஜீனியாவில் கல்பெப்பர் ஊரிலுள்ள நாடாளுமன்ற நூலகக் காப்பகம், நைட்ரேட்டுக்கென 124 அறைகளை 4 டிகிரி வெப்பத்திலும் 30 சதவீத ஈரப்பதத்திலும் வைத்திருக்கிறது. லிட்டில் ஃபெரியில் இல்லாதவை இவைதான்.

இனி ஏதாவது கிடைக்குமானால் அது அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வரவே வாய்ப்பு அதிகம். விநியோகச் சங்கிலியின் கடைசி ஊர்களில் ஓட்டம் முடிந்த பிரிண்டைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பும் செலவு அதன் மதிப்பைவிடக் கூடுதல். அதனால் அவை அங்கேயே தங்கின. ஜான் ஃபோர்டு 1927-இல் ஃபாக்ஸுக்காக இயக்கி, தொலைந்ததாகக் கருதப்பட்ட 'அப்ஸ்ட்ரீம்' அப்படித்தான் நியூசிலாந்தில் கிடைத்து 2010-இல் அறிவிக்கப்பட்டது. ஸ்பெயினில் கிடைத்த 'சலோமி' துண்டும் இதே வகை. வெளிநாட்டுப் பிரிண்டுகளில் டைட்டில் கார்டுகள் (வசனத்தையும் விளக்கத்தையும் காட்டும் எழுத்து அட்டைகள்) உள்ளூர் மொழியில் இருக்கும், படத்தின் பெயரும் மாறியிருக்கும். பெயர்ப்பட்டியலில் 'பாரா' என்று தேடுவதோடு நிற்காமல், அடையாளம் தெரியாதவை என்று ஒதுக்கிய டப்பாக்களைத் திறந்து, முகத்தையும் உடையையும் ஸ்டில்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைதான் பலன் தரக்கூடியது.